முகம் வெட்டாத கற்பேழை

ஜூலை 1, செவ்வாய்

பெட்டிகள் ஒருவழியாக வந்து சேர்ந்தன. காலை பத்துக்கு வருவதாகச் சொன்ன லாரி மாலை நாலரைக்கு வந்தது. பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரி எங்கே இருக்கிறது என்று டிரைவருக்கு யாரும் சொல்லவில்லையாம். நூறு வருஷத்துக்கு மேலாக ஒரே இடத்தில் நிற்கிற கல்லூரி.

பெரிய பெட்டி அருங்காட்சியக வாசலுக்குள் நுழையவில்லை. வாசலின் அகலத்தை மூன்று தடவை அளந்து மூன்று தடவை மின்னஞ்சல் அனுப்பியவள் நான். ஒருவரும் அதைப் படிக்கவில்லை என்பது பெட்டி குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றபோது தெரிந்தது. உதவியாளர் சுடலைமுத்து தச்சரைக் கூட்டிவந்து கதவையே கழற்றினார். திரும்ப மாட்டத் தச்சர் நாளைக்குத்தான் வருவாராம்.

வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று ஊர் ஊராக அனுப்பும் கண்காட்சி இது. பண்டைய நாகரிகங்களில் இறந்தவர்களைக் கிடத்திய, சிற்பம் செதுக்கிய கல் சவப்பெட்டிகள். அசல் இல்லை, அச்செடுத்து வார்த்த சுண்ணப் பிரதிகள் ஒன்பது, மீதியெல்லாம் படங்கள். பதினெட்டாம் தேதி திறப்பு விழா. அதற்குள் எல்லாவற்றுக்கும் தமிழில் விளக்க அட்டை எழுத வேண்டும். பத்தொன்பது வருஷமாக நான் இங்கே காப்பாட்சியர். பெயர்தான் பெரிது. இரண்டு அறை, ஒரு வராந்தா, அந்துருண்டை வாசனை.

வீட்டுக்கு வந்தால் மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை. வாளியில் இருந்ததை வைத்துச் சமாளித்தேன்.

தம்பி கெல்வின் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறான். எடுக்கவில்லை. கை ஒழிந்ததும் பேச வேண்டும்.

ஜூலை 2, புதன்

இரண்டு மணி நேரம் கூட்டம். பேசியது ஒரே ஒரு சொல்லைப் பற்றி.

"பண்டைய நாகரிகங்களின் கல் சவப்பெட்டிகள்" என்று தலைப்பு எழுதிக் கொண்டுபோயிருந்தேன். முதல்வர் அதைப் படித்துவிட்டு, தாளை மேஜையில் கவிழ்த்தே வைத்துவிட்டார்.

"சவப்பெட்டின்னு வாசல்ல எழுதிவச்சா எவன் மேடம் உள்ள வருவான்? திறந்து வைக்கிறவரு ஜவுளிக்கடைக்காரரு. அடுத்த மாசம் அவரு மகளுக்குக் கல்யாணம். அவரைப் போய் சவப்பெட்டியைத் திறங்கன்னு சொல்ல முடியுமா?"

உள்ளே வைத்தது சவத்தைத்தான், பட்டுப்புடவையை இல்லை என்றேன். கிரேக்கர்கள் இதற்கு வைத்த பெயருக்குச் 'சதை தின்னி' என்று பொருள், ஒருவகைக் கல் நாற்பது நாளில் உடம்பைத் தின்றுவிடும் என்று நம்பினார்கள், அதற்கு என் தலைப்பு எவ்வளவோ தேவலை என்றும் சொன்னேன். முதல்வர் தேநீரைத் தள்ளி வைத்தார்.

கடைசியில் தமிழ்த்துறைத் தலைவர் 'கற்பேழை' என்றார். கல்லால் ஆன பேழை. ஆகா ஆகா என்று எல்லோரும் தலையாட்டினார்கள். சொல் நல்ல சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் பேழையில் நகையும் வைக்கலாம், ஓலைச்சுவடியும் வைக்கலாம். பிணத்தை நைசாக மறைத்துவிட்டார்கள். ஒன்றுக்கு உள்ள பெயரைச் சொல்ல மனிதர்களுக்கு ஏன் இத்தனை கூச்சம் என்று எனக்கு விளங்கவில்லை. எரிச்சலாக வருகிறது.

வெளியே வந்து சுடலைமுத்துவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவேயில்லை. "எம் பேர்லயே சுடலை இருக்கு மேடம். அதுக்காக என்னைக் கூப்பிடாமலா இருக்காங்க? ஒரு நாளைக்கு நூறு வாட்டி கூப்பிடுதாங்க."

கெல்வினைக் கூப்பிட மறந்துவிட்டது.

ஜூலை 4, வெள்ளி

கெல்வின் நேரே அருங்காட்சியகத்துக்கே வந்துவிட்டான். அப்பாவின் இரண்டாவது கல்யாணத்தில் பிறந்தவன். ஓசூரில் வேலை. லீவு போட்டு வந்து பத்து நாளாகிறதாம். தாடி விட்டிருந்தான். எகிப்தியப் பிரதியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னேன்.

"அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேங்க்கா. ரெண்டு கிட்னியும் போச்சு. இனிமே ஊசி குத்தி என்ன செய்யன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

வருத்தமாக இருக்கிறது என்றேன். அது உண்மைதான்.

"அப்பா கல்லறையில வைக்கணும்னு ஆசைப்படுதாங்க. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் திறப்பாங்களாம். கோயில் ஆபீஸ்ல ஃபாரம் வாங்கிட்டு வந்துருக்கேன். அவசரமில்ல. ஆனா..."

அந்த 'ஆனா'வோடு நிறுத்திக்கொண்டான். பார்ப்போம் என்று சொல்லித் தாளை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டேன்.

விஷயம் இதுதான். கோயில் கல்லறைத் தோட்டத்தில் எங்களுக்கு ஒரு குடும்பக் கல்லறை. உள்ளே செங்கல் கட்டி மூன்று அடுக்கு. அடியில் அம்மா, 1986. அதற்கு மேல் அப்பா, 2011. உரிமைத்தாளை அப்பா சாகுமுன் என் பெயருக்கு மாற்றிவிட்டார். இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது.

கெல்வினுடைய அம்மா கேட்பது அந்த இடத்தைத்தான்.

அட்டைகள் நாலு எழுதி முடித்தேன். அச்சகத்தில் 'எகிப்து'க்கு 'எகிபது' என்று அடித்து அனுப்பியிருக்கிறார்கள். புள்ளி வைக்கக்கூட ஒருவருக்கும் பொறுமை இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் மாமா காத்துக்கொண்டு நிற்கிறார். மோசே மாமா, அம்மாவின் அண்ணன். எண்பதைத் தாண்டியாயிற்று, குரல் மட்டும் இன்னும் தலைமையாசிரியர் குரல்தான்.

"கேள்விப்பட்டேன். கையெழுத்து கேக்கானாமே அந்தப் பய."

"ஆமா மாமா."

"உங்க அம்மா ஆஸ்பத்திரில கிடந்தப்பம் பாத்துக்கிட வந்த நர்ஸ் அவ. அங்ஙன வச்சே ஆரம்பிச்ச கதைன்னு ஊருக்கே தெரியும். ஒன்றரை வருசம் ஆகல, மாலை மாத்திட்டா. உயிரோட இருக்கப்பம் எந்தங்கச்சி இடத்துல உக்காந்தா. செத்தும் அங்ஙனயே வரணுமாக்கும். நீ போட்டுறாத, எப்சி."

நான் இன்னும் ஒன்றும் முடிவு செய்யவில்லை என்றேன். "முடிவு செய்ய என்ன இருக்கு" என்று கைத்தடியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

வழியில் கல்லறைத் தோட்டத்துக்குள் போனேன். சும்மாதான் போனேன். காற்று மண்ணை வாரிக் கண்ணில் இறைத்தது. கருங்கல் பலகையில் மூன்று கட்டம். இடது கட்டத்தில் அம்மா: சுகிர்தம், ஆசிரியை. நடுக் கட்டத்தில் அப்பா: ஞானையா, ஆசிரியர். வலது கட்டம் மழமழவென்று இழைத்து வெறுமையாக இருக்கிறது. வேத வசனம் ஏதாவது வெட்டுவதற்காக அப்பா விட்டிருப்பார்.

வாராவாரம் கோயில் அறிக்கைத் தாளில் உள்ள பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு எழுத்தரிடம் கொடுப்பேன். இன்று பதினொன்று. வாங்கும்போது அவர் முகம் போன போக்கு.

ஜூலை 8, செவ்வாய்

இன்று கடைசிப் பெட்டியைப் பிரித்தோம். ரோமானியக் கற்பேழை (பழகிவிட்டது, இந்தச் சொல்லே வருகிறது). நாலு பக்கமும் கொடி, திராட்சைக் குலை, ஓடுகிற குழந்தைகள். மூடியின்மேல் கணவனும் மனைவியும் ஒரு கையை ஊன்றிச் சாய்ந்து படுத்திருக்கிறார்கள். கணவனுக்கு முகம் அப்படியே இருக்கிறது. நெற்றிச் சுருக்கம், கொஞ்சம் பெரிய காது. மனைவிக்குக் கொண்டை இருக்கிறது, காதோரச் சுருள் இருக்கிறது, முகம் இல்லை. உளி படாத மொத்தைக் கல்.

முதலாமாண்டு மாணவிகள் எட்டிப் பார்த்தார்கள். "மேடம், இவங்களுக்கு மூஞ்சி எங்க? லாரியில உடைஞ்சிருச்சா?"

உடையவில்லை. கூட வந்த குறிப்பில் இருக்கிறது. சிற்பக்கூடத்தில் உடம்பையும் உடையையும் முன்கூட்டியே செதுக்கி வைத்துவிடுவார்களாம். வாங்குகிறவர்களின் சாயலைப் பிறகு வெட்டிச் சேர்ப்பார்கள். இதில் கணவன் முதலில் இறந்திருக்க வேண்டும். அவனுக்கு வெட்டிவிட்டார்கள். அவளுக்குக் காலம் வரும்போது வெட்டலாம் என்று விட்டிருக்கிறார்கள். அப்புறம் ஒருவரும் வெட்டவில்லை.

அட்டைக்கு இப்படி எழுதினேன்: "மனைவியின் முகம் செதுக்கப்படவில்லை. அவருக்குப் பின் இருந்தவர்கள் அதைச் செய்து முடிக்கவில்லை." குறிப்பில் இரண்டாவது வாக்கியம் கிடையாது. நானே சேர்த்தேன். அலட்சியத்தை அலட்சியம் என்று சொல்லத்தான் வேண்டும்.

ஜூலை 9, புதன்

மோட்டார் பார்க்க வருகிறேன் என்ற எலக்ட்ரீஷியன் வரவில்லை. அவருக்குக் காதுகுத்து வீடாம்.

ஜூலை 11, வெள்ளி

முதல்வர் சுற்றிப் பார்க்க வந்தார். ரோமானியப் பேழை முன்னால் நின்று உதட்டைப் பிதுக்கினார்.

"இதைச் சுவர்ப் பக்கமாத் திருப்பி வச்சிருங்க மேடம். புருசன் மூஞ்சி மட்டும் தெரிஞ்சாப் போதும். அந்தம்மாவைப் பாத்தா ஒருமாதிரி இருக்கு."

திருப்ப மாட்டேன் என்றேன். அவர் குரலை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன். "வெட்டாம விட்டது அவங்க தப்பு. அந்தம்மாவை எதுக்கு சார் சுவத்தைப் பாக்க வைக்கணும்?" என்று கேட்டுவிட்டேன். சுடலைமுத்து எதையோ எடுக்கப் போவதுபோல நழுவிவிட்டார். முதல்வர், உங்கள் இஷ்டம் என்று கையை உதறிக்கொண்டு போனார். பேழை அப்படியே இருக்கிறது. ஒரு சுண்ணப் பொம்மைக்காக இவ்வளவு சண்டை போட்டிருக்க வேண்டாம்.

கெல்வினிடமிருந்து வாட்ஸாப்: "அக்கா சாப்பாடு இறங்கல." அவ்வளவுதான். கையெழுத்தைப் பற்றி எழுதவில்லை. கேட்டிருந்தால் ஒரு பதில் சொல்லியிருப்பேன்.

ஜூலை 13, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று மாமாவுக்குச் செய்தி அனுப்பினேன்.

ஃபாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே பக்கம்தான். உரிமையாளர் பெயர், அதை எழுதினேன். கல்லறை எண், அதையும் எழுதினேன். "அடக்கம் செய்யப்பட வேண்டியவர் உரிமையாளருக்கு என்ன உறவு?" என்று ஒரு கட்டம். பேனாவை மூடிவிட்டேன்.

என்னவென்று எழுத. அப்பா கெல்வினுடைய அம்மாவைக் கல்யாணம் செய்து வீட்டுக்குக் கூட்டிவந்தபோது எனக்குப் பதினாலு வயது. 'சித்தி'ன்னு கூப்பிடும்மா என்றார் அப்பா. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எல்லாம் "சித்தி வந்துட்டாளா, சூடு போட்டாளா" என்று என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நான் கூப்பிடவில்லை. 'இங்க பாருங்க' என்றே ஆரம்பிப்பேன். இங்க பாருங்க, பால்காரர் வந்துருக்காரு. இங்க பாருங்க, நான் காலேஜுக்குப் போயிட்டு வாரேன். ஒரு வீட்டில் பதினோரு வருஷம் அப்படி இருந்துவிட்டு, வேலை கிடைத்ததும் தனியாக வந்துவிட்டேன். கொடுமையெல்லாம் ஒன்றும் இல்லை. சூடு போடவும் இல்லை. தலையில் எண்ணெய் வைத்துவிட வந்தால் நான்தான் எழுந்து போவேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை வேறு யார் படிக்கப் போகிறார்கள். அந்த மூன்றாவது கட்டத்தை வசனத்துக்கு விட்டதாக எழுதியிருந்தேன். வசனத்துக்கு இல்லை. கல்யாணம் வேண்டாம் என்று நான் தீர்மானமாகச் சொன்ன வருஷம் அப்பா அந்தப் பலகையைச் செய்யக் கொடுத்தார். கட்டத்தின் அகலத்தை ஒருநாள் கைக்குட்டையால் அளந்து பார்த்திருக்கிறேன். எப்சிபா, நாலே எழுத்து. தாராளமாக அடங்கும். அம்மா பக்கத்தில் போய்ச் சேர எனக்கு என்று இருந்தது அந்த ஓர் இடம்தான். அதையுமா கேட்க வேண்டும்?

ஜூலை 15, செவ்வாய்

இன்றைய கூத்தை எழுதாமல் இருக்க முடியாது.

காலையில் பேனர் வந்தது. இருபதடி நீளம். முன்வாசலில் சுடலைமுத்துவும் இரண்டு பேரும் ஏறி நின்று கட்டி முடித்துவிட்டார்கள். எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சாலைக்கு வந்து நின்று பார்க்கிறார்கள். நல்ல வரவேற்புத்தான் என்று நானும் போய் அண்ணாந்து பார்த்தேன்.

"பண்டைய நாகரிகங்களின் அலங்காரக் கற்பு ஏழைகள்."

தலையில் அடித்துக்கொண்டேன். கடைக்குப் போன் போட்டால் அந்த ஆள் நிதானமாகப் பேசுகிறார்.

"'கற்பேழை'ன்னு சேந்து கிடந்துச்சு மேடம். டைப் பண்ணவங்க அவசரத்துல சேத்துட்டாங்க போலன்னு நான்தான் பிரிச்சு விட்டேன். கற்பு, ஏழை. ரெண்டும் நல்ல தமிழ்ச் சொல்லுதானே?"

"நல்ல சொல்லுதான். அதுக்கு என்னய்யா அர்த்தம்?"

"அது நீங்கதான் மேடம் சொல்லணும். காலேஜ்ல நடக்குது, ஏதோ ஆராய்ச்சின்னு நினைச்சேன்."

கல்லும் பேழையும் சேர்ந்தால் கற்பேழை என்று பத்து நிமிஷம் புணர்ச்சி இலக்கணம் நடத்தினேன். அவர் தப்பும் இல்லை. அந்தச் சொல்லை அப்படியும் பிரிக்கலாம்தான். சவப்பெட்டி என்று விட்டிருந்தால் இந்த மானக்கேடு வந்திருக்குமா? முதல்வர் அறைக்குள் சிரிப்புச் சத்தம் அடங்கவே இல்லை. "கற்பில ஏழைங்களைக் காட்சிக்கு வச்சிருக்கோம்னு டிக்கெட் போடலாம் மேடம்" என்று ஒருவர் சொன்னார்.

நானும் சிரித்திருக்கலாம். சிரிப்பு வரவில்லை. கோயில் வளாகத்தில், எனக்குப் பதினாலு வயதில், மாமா எட்டுப் பேர் நடுவில் நின்று கெல்வினுடைய அம்மாவைப் பற்றிச் சொன்ன சொல்லும் அதுதான். கற்பு கெட்டவள் என்றார். அந்த அம்மா காதில் விழும் தூரத்தில்தான் சொன்னார். அதைக் கேட்டும் அந்த அம்மா என் பையை வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். மோட்டார் சரியாகியிருந்தது; தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பீரோவிலிருந்து கல்லறைத்தாள் உறையை எடுத்தேன். ஃபாரத்தோடு உரிமைத்தாளின் நகல் வைக்க வேண்டுமாம். எப்போதும் மேல் தாளை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். அதற்கு அடியில் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மாவை அடக்கம் செய்ய எழுதிக் கொடுத்த முதல் மனு. 22-4-1986. எழுத்தரின் கையெழுத்தில் நீல மை.

மனு செய்பவர்: ரத்தினபாய்.
இறந்தவருக்கு உறவு: சகோதரி.

மூன்று தடவை படித்தேன். ரத்தினபாய் என்பது கெல்வினுடைய அம்மா பெயர். என் அம்மாவுக்கு அக்கா தங்கை கிடையாது.

நர்ஸை நாம் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறோம். நீங்க யாரும்மா என்று எழுத்தர் கேட்டிருப்பார். சிஸ்டர் என்று சொல்லியிருப்பார். அந்த மனிதர் அதைத் தமிழ்ப்படுத்தி எழுதிவிட்டார். வேறு மாதிரி எப்படி நடந்திருக்க முடியும்? முப்பத்தொன்பது வருஷமாக யாரும் திருத்தாத பிழை, என் பீரோவுக்குள்ளேயே.

ஜூலை 16, புதன்

கல்லூரிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டுச் சமாதானபுரத்துக்குப் போனேன். அப்பா வீடு. அப்பா போன பிறகு பதினாலு வருஷத்தில் உள்ளே போவது மூன்றாவது தடவை.

நடு அறையில் கெல்வினுடைய அம்மாவுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். இவ்வளவு சின்ன உருவமாக இருப்பார் என்று நினைக்கவில்லை. கால் இரண்டும் வீங்கியிருந்தன. கெல்வின் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

"வந்தியாம்மா," என்றார்.

கையெழுத்துப் போட்ட ஃபாரத்தை எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. என் தலையைத்தான் பார்த்தார். "நரைச்சிருச்சே," என்றார்.

பழைய தாளைக் காட்டி, இது என்ன என்று கேட்டேன். கண்ணாடி மாட்டிவிட வேண்டியிருந்தது. வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அப்பா பரீட்சைப் பேப்பர் திருத்த மதுரைக்குப் போயிருந்தாரு. தந்தி அடிச்சு, அவரு பஸ் பிடிச்சு வரணும். உங்க மாமா பம்பாய்ல. சித்திரை வெயிலு, ஐஸ் பெட்டியெல்லாம் அப்பம் ஏதும்மா. ஆபீஸ்ல போயிக் கேட்டேன். ஒறவுக்காரங்க எழுதிக் குடுத்தாத்தான் இன்னைக்கே வெட்டுவோம்னாங்க."

மூச்சு வாங்கினார். காத்திருந்தேன்.

"நான் சிஸ்டர்னேன். யூனிபாரத்துலதான் நின்னேன், அவருக்குத் தெரியாமலா இருக்கும்? எழுதும்போது நிமிந்து பாத்து, கூடப்பிறந்தவளான்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன்."

ஆக, எழுத்தர் செய்த பிழை இல்லை. இவர் துணிந்து சொன்ன பொய்.

"அவங்களை நான்தான் குளிப்பாட்டினேன். உன் ரிப்பனை எடுத்துத் தலையில கட்டி விட்டேன். நீ பக்கத்து வீட்டுல இருந்த."

கேட்க வேண்டும் என்று இத்தனை வருஷம் வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். முழுசாகக் கேட்க வரவில்லை. "அம்மா இருக்கறப்பவே நீங்களும் அப்பாவும்..." என்று நிறுத்தினேன்.

"இல்லம்மா," என்றார்.

நம்பினேனா என்றால், எனக்குத் தெரியவில்லை. ஊரே பேசிய ஒன்றை இதுவரை ஒருவர்கூட அவரிடம் கேட்டதில்லை என்பது மட்டும் அந்தப் பதிலின் வேகத்தில் தெரிந்தது. பதில் நாக்கு நுனியிலேயே இருந்திருக்கிறது.

"அந்த எடம் உனக்குன்னு வச்சதுன்னு தெரியும்," என்றார். "கேட்டிருக்கக்கூடாது. ஆனா வேற எங்க போகன்னு தெரியல."

மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நடுவில் உதடு காய்ந்திருப்பதைப் பார்த்து, "இங்க பாருங்க, தண்ணி வேணுமா?" என்று கேட்டேன். இரண்டு கரண்டி குடித்தார்.

கிளம்பும்போது கெல்வின் ஃபாரத்தை வாங்கிப் பார்த்தான். "அக்கா, உறவுங்கிற இடம் காலியா இருக்கே."

"அப்புறம் எழுதுதேன்," என்றேன்.

ஜூலை 17, வியாழன்

புதுப் பேனர் வந்தது. 'கற்பேழைகள்' என்று ஒழுங்காக இருக்கிறது. 'நாகரிக'த்தில் 'ரி'க்குப் பதில் 'றி'. மாற்ற நேரமில்லை. அப்படியே கட்டச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

திறப்பு விழா. ஜவுளிக்கடைக்காரர் நாற்பது நிமிஷம் தாமதம். ரிப்பனை வெட்டிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தார். ரோமானியப் பேழை முன்னால் நின்றார். அட்டையை உரக்கப் படித்தார்: "அவருக்குப் பின் இருந்தவர்கள் அதைச் செய்து முடிக்கவில்லை." படித்துவிட்டு என்னைப் பார்த்து, "பிள்ளைங்க இல்லையாக்கும்?" என்றார்.

"இருந்திருக்கலாம் சார்," என்றேன்.

அப்போதுதான் கையில் போன் அதிர்ந்தது. கெல்வின். இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்தேன். "அம்மா போயிட்டாங்க்கா," என்றான். "வாரேன்," என்று சொல்லிவிட்டு வந்தேன். நன்றியுரை நான் சொல்வதாக இருந்தது. சுடலைமுத்துவைச் சொல்லச் சொன்னேன். முதல்வர் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை 19, சனி

காலை ஒன்பதுக்கெல்லாம் நானும் கெல்வினும் கோயில் அலுவலகத்தில் இருந்தோம். மாமா நேற்றே போன் செய்து கத்திவிட்டார். அடக்கத்துக்கு வரமாட்டாராம். வர வேண்டாம் என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை.

எழுத்தர் ஃபாரத்தை மேலிருந்து கீழாகப் படித்தார். என் சிவப்பு மை வட்டங்களுக்கெல்லாம் இன்றைக்குப் பழிதீர்த்துவிடுவது என்று இருந்தாரோ என்னவோ, ஒரு வரி விடவில்லை.

"உறவுன்னு ஒரு இடம் இருக்கு மேடம். அதை விட்டுட்டிய."

பேனாவை வாங்கினேன். எழுதினேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"சித்தின்னா எந்தச் சித்தி? அம்மாகூடப் பிறந்தவங்களா, அப்பா ரெண்டாவது கட்டினவங்களா? தெளிவா எழுதணும் மேடம். பின்னால ஒருத்தர் எடுத்துப் பாத்தாக் குழம்பக்கூடாதுல்லா. நீங்களே சொல்லுவியளே, எழுத்துன்னா சந்தேகத்துக்கு இடமிருக்கக்கூடாதுன்னு."

சொல்லியிருக்கிறேன். இதே மேஜைமுன் நின்று பலதடவை சொல்லியிருக்கிறேன். அவர் பின்னாலிருக்கும் அலமாரியில் 1986ஆம் வருஷப் பதிவேட்டில் சகோதரி என்று இருக்கிறது. அடுத்த வருஷத்துக் கல்யாணப் பதிவேட்டில் மனைவி என்று இருக்கிறது.

"ரெண்டுக்கும் தமிழ்ல அதான் சொல்லு," என்றேன். "எங்க சித்தி. அப்படியே இருக்கட்டும்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு முத்திரை குத்தினார். கெல்வின் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது.

பதினொன்றுக்கு அடக்கம். நாலு மணிக்குக் கல் வெட்டுகிறவரைப் பார்த்து மூன்றாவது கட்டத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ரத்தினபாய், செவிலியர். பெயர் மட்டும் ஆறு எழுத்து. கொஞ்சம் நெருக்கி வெட்ட வேண்டும், வெட்டிவிடலாம் என்றார்.

முப்பத்தெட்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது. எழுத்தர் கேட்டார். கெல்வின் கேட்டான். புதன்கிழமை மூன்று மணி நேரம் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காதெல்லாம் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது அவருக்கு. இங்க பாருங்க, தண்ணி வேணுமா என்றேன்.